55, 56 அங்குல றியர் புரொஜெக்ஷன் ரிவி இரண்டு: எதைக் கப்பலில் ஏற்றச் சொல்வது?

கோண்டாவில் மேற்கு
நவம்பர் 8, 2010

வணக்கம் உறவுகளே.

ஸ்காபரோவில் இருக்கிற சித்தப்பா இந்த மாதக் கடைசியில் கப்பலில் சாமான் போடுகிறார். ஒரு பெரிய ரிவிக்கும் இடம் இருக்கிறதாம். இரண்டில் எது வேணும் என்று கேட்டு எழுதியிருக்கிறார். இரண்டும் றியர் புரொஜெக்ஷன், அதாவது பெட்டிக்குள் இருந்து திரையின் பின்பக்கத்தில் படத்தை வீசுகிற வகை.

ஒன்று அவரே 2006இல் வாங்கிப் பாவித்தது. 55 அங்குலம், 1080பி, எல்கோஸ் வகை, உள்ளே விளக்கு எரிகிறது. மற்றதை அவருடைய சிநேகிதர் ஒருவர் கொடுக்கப் பார்க்கிறார். 56 அங்குலம், 2007இல் வாங்கியது, இதுவும் 1080பி, டிஎல்பி வகை, விளக்குக்குப் பதில் எல்ஈடி. காசில் பெரிய வித்தியாசம் இல்லை. கம்பனிப் பெயர்களை நான் போடவில்லை, பெயரை வைத்துச் சண்டை வரும். வகையை வைத்துச் சொல்லுங்கள்.

விவரத்தாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு இரவு பார்த்தேன். கிட்டத்தட்ட ஒரே அளவு, ஒரே 1080பி, எச்டிஎம்ஐ இரண்டிலும் இருக்கிறது. கொன்ட்ராஸ்ட் எண்ணைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்றால் அதுவும் கிட்டக்கிட்டத்தான்.

இது அப்பாவுக்காக. அவருக்கு 74 வயது. ஒரு கண்ணுக்குப் புரை எடுத்தாச்சு, மற்றக் கண் மங்கல். ஆடி மாதம் காலியில் முரளி 800ஆவது விக்கெட் எடுத்தபோது எங்கள் 21 அங்குலப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றுதான் பார்த்தார். மஹேல ஸ்லிப்பில் பிடித்ததை மூன்று தரம் திருப்பிப் போட்டார்கள், மூன்று தரமும் நின்றபடியே பார்த்தார். பெப்ரவரி 19 உலகக் கிண்ணம் தொடங்குகிறது. 20ஆம் திகதி அம்பாந்தோட்டையில் இலங்கைக்கும் கனடாவுக்கும் ஆட்டம். அதை அவர் கதிரையில் இருந்து பார்க்க வேணும்.

ஸ்காபரோ வாசி
நவம்பர் 8, 2010

இந்த இரண்டு வகையையும் நான் பாவித்திருக்கிறேன், ஆகவே படத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

எல்கோஸ் என்றால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனிச் சில்லு (சிப்). ஒளி சில்லில் பட்டுத் திரும்பி, மூன்று படமும் ஒன்றாகச் சேர்ந்து திரைக்கு வரும். சோனியின் எஸ்எக்ஸ்ஆர்டி, ஜேவிசியின் டி-ஐஎல்ஏ எல்லாம் இந்தக் குடும்பம்தான். புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையில் இடைவெளி மிகக் குறைவு. அதனால் கிட்டப் போனாலும் வலை போட்ட மாதிரித் தெரியாது. படம் துணியில் ஊறின சாயம் போல இருக்கும். சினிமா பார்க்க இதற்கு நிகரில்லை என்பது என் எண்ணம்.

டிஎல்பி என்பது டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் சில்லு. லரி ஹோர்ன்பெக் என்பவர் 1987இல் கண்டுபிடித்தது. கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிகள் இலட்சக்கணக்கில் ஒரு சில்லில் இருந்து செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தரம் அங்கும் இங்கும் சரிகின்றன. ரிவிகளில் ஒரே ஒரு சில்லுத்தான், ஆகவே நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். விளக்கு வைத்த பழைய டிஎல்பியில் நிறச் சக்கரம் ஒன்று சுழலும். சிலருக்குக் கண்ணைத் திருப்பும்போது வானவில் தெறித்த மாதிரித் தெரியும், எனக்குத் தெரியும். எல்ஈடி வைத்ததில் சக்கரமே இல்லை, எல்ஈடிகள்தான் மாறிமாறி மின்னுகின்றன. அதில் எனக்கு வானவில் தெரிந்தது மிக அரிது.

இன்னொன்றும் சொல்ல வேணும். 1080பி என்றால் குறுக்கே 1920 புள்ளி, மேலிருந்து கீழே 1080 புள்ளி. அந்தக் காலத்து 1080பி டிஎல்பி ரிவிகளில் கனக்கவற்றில் சில்லில் உள்ள கண்ணாடி 960க்கு 1080தான். ஒவ்வொரு கண்ணாடியும் அரைப்புள்ளி தள்ளி இரண்டு தரம் வரைந்து 1920 ஆக்குகிறது. எல்கோஸில் 1920ம் உண்மையாகவே இருக்கும்.

படத்துக்காக என்றால் எல்கோஸ். நான் அதைத்தான் எடுப்பேன்.

வடமராட்சி
நவம்பர் 9, 2010

இரண்டும் வேண்டாம். கப்பல் கூலி, கொழும்பில் சுங்கம், பிறகு லொறி. அந்தக் காசுக்குக் கொஞ்சம் சேர்த்து இங்கேயே கடையில் 32 அங்குல எல்சிடி வாங்கலாம். கராண்டியும் இருக்கும். சோனி 2007 டிசம்பரிலேயே றியர் புரொஜெக்ஷனை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. சாம்சுங்கும் விட்டாச்சு. இன்னும் செய்வது மிற்சுபிஷி மட்டும். விட்டுவிட்ட சாமானை ஏன் தேடிப் போக வேணும்?

சுன்னாகம் திருத்துநர்
நவம்பர் 9, 2010

தம்பி, நான் இருபத்திரண்டு வருடமாக ரிவி திருத்துகிறேன். நீங்கள் தாளில் பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு ரிவியும் ஒரே மாதிரி என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்காபரோவில் அவை ஒரே மாதிரித்தான். கோண்டாவிலில் ஒரே மாதிரி இல்லை.

எல்கோஸில் இருக்கிற விளக்கு வீட்டில் எரிகிற குமிழ் மாதிரி இல்லை. பாதரச ஆவி அடைத்த சின்னக் குவாட்ஸ் குமிழ். உள்ளே இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு மில்லிமீற்றர் அளவு இடைவெளியில்தான் ஒளி பிறக்கிறது. எரியும்போது உள் அழுத்தம் நாங்கள் சுவாசிக்கிற காற்றைப் போல ஏறக்குறைய 200 மடங்கு. குமிழின் சூடு ஆயிரம் பாகையைத் தொடும். அதனால்தான் ரிமோட்டில் நிற்பாட்டின பிறகும் உள்ளே காற்றாடி ஒன்றிரண்டு நிமிடம் ஓடிக் குமிழை ஆற்றுகிறது. கையேட்டில், அந்த நேரம் பிளக்கைக் கழற்றாதே என்று தடித்த எழுத்தில் போட்டிருப்பான்.

இப்போது நீங்களே யோசியுங்கள். எங்கள் குடாநாடு இன்னும் தேசிய மின்வலையோடு சேரவில்லை. மாரி தொடங்கியாச்சு. ஒரு பனை மட்டை கம்பியில் விழுந்தால் போதும். கறண்ட் போகிற கணத்தில் விளக்கும் நிற்கும், காற்றாடியும் நிற்கும். ஆயிரம் பாகை சூடு, காற்று இல்லை. பிறகு பத்துச் செக்கனில் கறண்ட் வந்து, யாராவது அவசரத்தில் திருப்பிப் போட்டால், சூட்டோடு அந்தக் குமிழ் பற்றவும் மாட்டாது. நல்ல ரிவி தானே கொஞ்சம் பொறுத்துப் பற்றவைக்கும். ஆனால் ஒவ்வொரு தரமும் குமிழ் அடி வாங்குகிறது. கனடாவில் நாலு வருடம் இருந்த விளக்கு இங்கே எத்தனை மாதம் இருக்கும் என்று என்னால் வாக்குத் தர முடியாது.

போன வருடம் இணுவிலில் ஒரு வீட்டுக்குப் போனேன். 50 அங்குலம், விளக்கு வகை, மகன் அனுப்பினது. கழற்றிப் பார்த்தேன். குமிழின் கழுத்துப் பக்கம் பால் ஊற்றின மாதிரி வெள்ளையாகி, வயிறு ஒரு பக்கம் வீங்கியிருந்தது. அந்த அம்மா சொன்னார், “பதினொரு மாதம் தம்பி, அவ்வளவுதான்.” புது விளக்குக்குக் கொழும்பில் நாலு கடை ஏறி இறங்கினோம், கிடைக்கவில்லை. கடைசியில் மகன்தான் தபாலில் அனுப்பினார். அதுவரை மூன்று மாதம் அந்தப் பெட்டிக்கு மேல் பூச்சாடி இருந்தது.

எல்ஈடி வகையில் இந்தப் பயமே இல்லை. கறண்ட் போனால் அணையும், வந்தால் பற்றும். ஆயுள் 20,000 மணி என்கிறார்கள். ஒரு நாளைக்கு ஐந்து மணி பார்த்தால் பத்து வருடத்துக்கு மேல். பாதரசமும் இல்லை. யாழ்ப்பாணத்து வீட்டுக்கு நான் எல்ஈடியைத்தான் சொல்வேன். படம் ஒரு படி குறைந்தாலும் பரவாயில்லை.

கோண்டாவில் மேற்கு
நவம்பர் 9, 2010

அண்ணை, நன்றி. இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு யூபிஎஸ் வைத்தால் விளக்கைக் காப்பாற்றலாம்தானே? எங்கள் வீட்டில் கணினிக்கு 650 விஏ ஒன்று இருக்கிறது. சித்தப்பா புது விளக்கு ஒன்றும் சேர்த்து வைப்பதாகச் சொல்கிறார். ஸ்காபரோ அண்ணை படத்தைப் பற்றி எழுதினதை வாசித்த பிறகு எல்கோஸை விட மனம் வரவில்லை.

சுன்னாகம் திருத்துநர்
நவம்பர் 10, 2010

வைக்கலாம். 650 விஏ ஒரு 200 வாட் ரிவியைச் சில நிமிடம் தாங்கும். முறையாக நிற்பாட்டி, காற்றாடி ஓடி முடிய அது போதும். பற்றரி நல்லதாக இருக்க வேணும், அதைவிட வீட்டில் ஆள் இருக்க வேணும். கறண்ட் போகிற நேரம் அப்பா மட்டும் இருந்தால் அவர் எழும்பி வந்து நிற்பாட்டுவாரா? யூபிஎஸ் பற்றரி இரண்டு வருடத்தில் களைத்துவிடும், அது களைத்தது விளக்குப் போன பிறகுதான் தெரியும்.

அதோடு கனடா ரிவி 120 வோல்ட். ஸ்ரெப் டவுன் டிரான்ஸ்போர்மர் கட்டாயம். 230ஐ 110 ஆக்குகிறதுதான் இங்கே கிடைக்கும். உங்கள் பக்கம் இரவு ஏழு மணிக்கு 180 வந்தால் அந்தப் பக்கம் 86தான் வரும். ஆகவே முதலில் ஸ்ரெபிலைசர், பிறகு யூபிஎஸ், பிறகு டிரான்ஸ்போர்மர், அதன் பிறகுதான் ரிவி. மலிவு யூபிஎஸ் பற்றரியில் ஓடும்போது கொடுக்கிற அலை சதுரமாக இருக்கும், டிரான்ஸ்போர்மர் இரைந்து சூடேறும். ஒரு விளக்கைக் காப்பாற்ற மூன்று பெட்டி. எல்ஈடி என்றால் நடுவில் இருக்கிற யூபிஎஸ் தேவையில்லை.

பலாலி வீதி
நவம்பர் 10, 2010

நான் கலியாண வீடியோ எடிட் பண்ணுகிறவன். நீங்கள் இரண்டு பேரும் ஒரு விசயத்தை விட்டுவிட்டீர்கள். இது தெரியாமல் ரிவியை இறக்கினால் எல்கோஸோ எல்ஈடியோ கறுப்புத் திரைதான்.

வோல்டை டிரான்ஸ்போர்மர் மாற்றும். 50 ஹேர்ட்ஸை அது மாற்றாது. கறண்டில் வருகிற 50 பற்றிப் பிரச்சினை இல்லை, ரிவிக்குள் இருக்கிற பவர் சப்ளை அதைப் பொருட்படுத்தாது. பிரச்சினை படத்தில். இலங்கையில் 1982இல் ரூபவாஹினி தொடங்கின நாளில் இருந்து பால் (PAL) என்கிற ஒளிபரப்பு முறை, 625 கோடு, செக்கனுக்கு 50 தரம். வட அமெரிக்க ரிவிக்குள் இருக்கிற ரியூனர் அங்கத்தைய ஒளிபரப்பு முறைகளான என்ரிஎஸ்சிக்கும் ஏரிஎஸ்சிக்கும் செய்தது. எங்கள் அன்ரனா வயரை அதில் குத்தினால் ஒன்றும் வராது. ராமேஸ்வரம் கோபுரத்தில் இருந்து வருகிற தூரதர்ஷனும் அதில் தெரியாது. கேபிள்காரரின் வயரும் அப்படித்தான். எச்டிஎம்ஐயில் 50 ஹேர்ட்ஸ் கொடுத்தாலும் அங்கத்தைய ரிவிகளில் கனக்க அதை ஏற்காது.

வழி இருக்கிறது. டிஷ் பெட்டி வைத்திருந்தால் அதன் மெனுவில் ரிவி முறை என்று ஒன்று இருக்கும், அதில் பாலை விட்டு என்ரிஎஸ்சி போட்டுப் பாருங்கள். கனக்கப் பெட்டிகள் தாங்களே 60க்கு மாற்றிக் கொடுக்கும். அது இல்லாவிட்டால் பால் என்ரிஎஸ்சி கன்வேர்ட்டர் ஒன்று. என் ஸ்ரூடியோவில் செய்திருப்பது மூன்றாவது வழி. பழைய கணினி ஒன்றில் ரிவி கார்ட் போட்டு, 60 ஹேர்ட்ஸில் வெளியே எடுத்து ரிவிக்குக் கொடுக்கிறேன். ஓட்டத்தில் மிகச் சின்னத் தடக்கல் இருக்கும். பந்து வீசும்போது கவனித்துப் பார்த்தால் எனக்குத் தெரியும், வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

லண்டனில் சொந்தக்காரர் இருந்தால் அங்கே கேட்பதுதான் நல்லது என்று நான் எப்போதும் சொல்வது. அங்கத்தையது 230 வோல்ட், பால், 50 ஹேர்ட்ஸ் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் இந்த வகை ரிவி அங்கே அவ்வளவு விற்றதில்லை.

தாவடி அக்கா
நவம்பர் 11, 2010

எங்கள் வீட்டில் மூன்று வருடம் ஒரு 50 அங்குல றியர் புரொஜெக்ஷன் இருந்தது, எல்சிடி வகை. அதனால் எழுதுகிறேன்.

மாட்ச் நாளில் எங்கள் ஹோலில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? அப்பாவும் பெரியப்பாவும் கதிரையில். பிள்ளைகள் பாயில். பக்கத்து வீட்டுப் பெடியள் யன்னலுக்கு வெளியேயும் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டும். கதிரையில் இருந்தவைக்குப் படம் பளிச்சென்று இருந்தது. பாயில் இருந்த என் மகள் படம் இருட்டாக இருக்குது என்று ஒவ்வொரு நாளும் சொல்லுவாள், நான் நம்பவில்லை. ஒரு நாள் பாயில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து அரிசி பொறுக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். மேல் பாதி நன்றாகக் கறுத்துக் கிடந்தது. எழும்பினேன், வெளித்தது. திரும்ப இருந்தேன், கறுத்தது.

பிறகு திருத்த வந்தவர் விளங்கப்படுத்தினார். இந்தத் திரைக்குள் இரண்டு தாள். ஒன்றில் வட்ட வட்டமாகக் கோடு, மற்றதில் மேலிருந்து கீழாக நெருக்கமாகக் கோடு. அந்தக் கோடு ஒளியைப் பக்கவாட்டில் பரப்பும், மேலும் கீழும் அவ்வளவு பரப்பாது. ஆகவே பக்கத்தில் இருந்து பார்க்கலாம், நிலத்தில் இருந்தும் நின்றும் பார்க்கிறவைக்குத்தான் கஷ்டம். எல்கோஸோ டிஎல்பியோ, திரை இப்படித்தானாம்.

இது 21 அங்குலப் பெட்டியில் இல்லாத குறை. அப்பா கதிரையில் இருந்துதான் பார்ப்பார் என்றால் அவருக்குச் சரி. கதிரையில் இருக்கும்போது அவருடைய கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று முழத்தால் அல்ல, அளவு நாடாவால் அளந்து, திரையின் நடு அந்த உயரத்துக்கு வருகிற மாதிரி மேசை செய்யச் சொல்லுங்கள். எங்கள் மேசை ஓர் அடிதான் இருந்தது. அதுதான் நான் விட்ட பிழை.

கோண்டாவில் மேற்கு
நவம்பர் 11, 2010

அக்கா, இப்போதுதான் அளந்தேன். அப்பா கதிரையில் சாய்ந்திருக்கும்போது கண் 42 அங்குலத்தில். கதிரையில் இருந்து சுவர் வரை பத்தரை அடி, ரிவியின் ஆழம் போக ஒன்பது அடி மிஞ்சும்.

ஸ்காபரோ வாசி
நவம்பர் 11, 2010

ஒன்பது அடி என்றால் நான் முதல் எழுதினதில் ஒரு பகுதியைத் திருத்த வேண்டும்.

55 அங்குலத் திரையின் அகலம் 48 அங்குலம். அதில் 1920 புள்ளி. நல்ல கண் உள்ள ஒருவருக்கு ஒவ்வொரு புள்ளியும் பிரிந்து தெரிய ஏறக்குறைய ஏழு அடிக்குள் இருக்க வேணும். ஒன்பது அடியில், புரை எடுத்த கண்ணுக்கு, உண்மையான 1920க்கும் அரைப்புள்ளி தள்ளி வரைகிற 1920க்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. அதோடு வரப்போவது 625 கோட்டுப் படம், அதில் படமாகத் தெரிவது 576தான். எல்கோஸின் பெரிய பலம் இந்த ஹோலில் வேலை செய்யப் போவதில்லை. கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும் என்பது மட்டும் மிஞ்சும், அதுவும் பகல் ஆட்டத்துக்கு யன்னல் திறந்திருந்தால் போய்விடும்.

நாலுக்கு மூன்று என்கிற அகல உயரக் கணக்கில் வருகிற படத்தை இழுத்து அகலமாக்காதீர்கள், ஆட்கள் கொழுத்துத் தெரிவார்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டுப் பாருங்கள். அப்படிப் பார்த்தாலும் படம் 45 அங்குலம் வரும். உங்கள் 21ஐ விடப் பரப்பில் நாலரை மடங்கு. வடமராட்சி சொன்ன 32இல் அதே படம் 26 அங்குலம்தான்.

உங்கள் சித்தப்பா ஸ்காபரோவில் எந்தப் பக்கம்? தனிமடலில் அவருடைய இலக்கம் தாருங்கள். அவருக்கு ஆட்சேபம் இல்லையென்றால் இரண்டு ரிவியையும் நானே போய்ப் பார்க்கிறேன். பாவித்த ரிவியை வகையைக் கேட்டு வாங்கக் கூடாது, அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் வாங்க வேணும்.

வடமராட்சி
நவம்பர் 12, 2010

26 அங்குலக் கணக்கை நான் யோசிக்கவில்லை. சரி. ஆனால் கராண்டி பற்றி நான் சொன்னது நிற்கிறது. உடைந்தால் யார் திருத்துவது?

சுன்னாகம் திருத்துநர்
நவம்பர் 12, 2010

நியாயமான கேள்வி. பவர் சப்ளை, காற்றாடி, கப்பாசிற்றர் இவை போனால் நான் திருத்துவேன், யாழ்ப்பாணத்தில் இன்னும் நாலைந்து பேர் திருத்துவார்கள். சில்லுப் போனால் ஒருவராலும் முடியாது, கனடாவில் இருந்துதான் வர வேணும். இது இரண்டு வகைக்கும் பொது. எல்ஈடி வகையில் எல்ஈடியோ அதை ஓட்டுகிற போர்டோ போனால் செலவு பெரிது, அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அது போனாலும் போகலாம் என்கிற சங்கதி. விளக்குப் போவது நிச்சயம், எப்போது என்பதுதான் கேள்வி.

ஸ்காபரோ வாசி
நவம்பர் 14, 2010

நேற்றுப் பின்னேரம் போனேன். சித்தப்பா தேத்தண்ணி தந்து, நல்லூர்த் திருவிழாக் கதையெல்லாம் கதைத்து, பிறகுதான் ரிவியைக் காட்டினார். மிக நல்ல மனிதர்.

என்னிடம் வெறும் வெள்ளை, வெறும் சாம்பல், வெறும் கறுப்பு என்று மூன்று படம் பென்டிரைவில் இருந்தது. மடிக்கணினியில் இருந்து எச்டிஎம்ஐயில் போட்டேன்.

முதலில் எல்கோஸ். சினிமா போட்டபோது நாங்கள் இரண்டு பேரும் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றோம், அவ்வளவு வடிவு. பிறகு வெறும் சாம்பலைப் போட்டேன். நடுவில் சாம்பல் சாம்பலாக இருந்தது. இடது மேல் மூலையில் பழைய காகிதம் மாதிரி ஒரு மஞ்சள் படர்ந்திருந்தது, ஒரு சாண் அளவு. வலது கீழ் மூலையில் மெல்லிய பச்சை. சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தார். “நான் இதை ஒரு நாளும் காணவில்லையே” என்றார். படம் ஓடும்போது தெரியாதுதான். ஆனால் சூட்டில் உள்ளே இருக்கிற ஒளிப் பகுதி மெல்ல மெல்லப் பழுதாகிறதன் அடையாளம் இது. இந்த மூன்று சில்லு வகைகளில் இப்படி வருவதைப் பலர் கண்டிருக்கிறார்கள். மாரியில் தொடங்கிச் சித்திரை வெயில் வரை இது இன்னும் பரவும்.

பிறகு சிநேகிதர் வீட்டுக்குப் போனோம். எல்ஈடி. கறுப்புப் படத்தைப் போட்டுவிட்டு லைட்டை அணைக்கச் சொன்னேன். டிஎல்பியில் கண்ணாடி ஒன்று இறுகிப்போனால் கறுப்பில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். ஒரு புள்ளி தொடங்கினால் பிறகு கனக்க வரும். கீழ் வரிசையில் இருந்து மேலே வரை ரிவிக்கு ஒரு முழம் தள்ளி நின்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெள்ளைப் படத்தில் கறுப்புப் புள்ளியும் இல்லை. சாம்பலில் மூலைக்கு மூலை ஒரே நிறம். காற்றாடிச் சத்தம் எல்கோஸை விடக் கொஞ்சம் கூட. சிவப்பு நிறம் தூக்கலாக இருந்தது, கிரிக்கெட் பந்து தக்காளி மாதிரி. மெனுவில் சினிமா நிலைக்கு மாற்றினதும் முகங்கள் முகமாக வந்தன.

நான் என் சொல்லை மாற்றுகிறேன். எல்ஈடியை ஏற்றச் சொல்லுங்கள்.

கோண்டாவில் மேற்கு
நவம்பர் 14, 2010

அண்ணை, முகம் தெரியாத எங்களுக்காக குளிரில் இவ்வளவு தூரம் போயிருக்கிறீர்கள். அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். உங்களுக்கு எழுதச் சொன்னார், “அவருக்கு என் ஆசீர்வாதம் சொல்லு” என்று.

எல்ஈடிதான். சித்தப்பாவுக்கு இப்போதே அறிவித்துவிட்டேன். கட்டுவது பற்றி ஏதாவது சொல்ல இருக்கா?

சுன்னாகம் திருத்துநர்
நவம்பர் 15, 2010

நிமிர்த்தியபடியே கட்ட வேணும், நிமிர்த்தியபடியே ஏற்ற வேணும். திரைப் பக்கம் குப்புறப் படுக்க வைத்தால் உள்ளே இருக்கிற பெரிய கண்ணாடியும் ஒளிப் பகுதியும் அசையலாம். அசைந்தால் படத்தின் விளிம்பு வளைந்து தெரியும், சரிக்கட்டுவது பெரிய வேலை. திரைக்கு முன்னால் தடித்த ரெஜிபோம், அதற்கு மேல் பிளைவூட். பெட்டியின் நாலு பக்கமும் தமிழிலும் சிங்களத்திலும் “நிமிர்த்தி வைக்கவும்” என்று பெரிதாக எழுதச் சொல்லுங்கள், கொழும்பில் லொறிக்காரர் ஆங்கிலத்தை வாசித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். ஓமந்தைக்கு இங்கால் ஏ9 வீதி குழியும் பள்ளமும், ஆகவே லொறியின் பின் மூலையில் வைக்க விடாதீர்கள். முன்பக்கம், சாரதியின் முதுகுக்குப் பின்னால்தான் குலுக்கல் குறைவு.

ரிமோட்டும் கையேடும் சிநேகிதரிடம் மறக்காமல் வாங்கச் சொல்லுங்கள்.

கோண்டாவில் மேற்கு
பெப்ரவரி 13, 2011

உறவுகளே, வந்து சேர்ந்தது. வியாழன் பின்னேரம் லொறியில் இருந்து நாலு பேர் பிடித்து இறக்கினோம். பெட்டி ஒரு மூலையில் நசிந்திருந்தது, ரிவியில் ஒரு கீறலும் இல்லை.

சுன்னாகம் அண்ணை சொன்னபடி ஒரு நாள் முழுக்கக் கறண்ட் கொடுக்காமல் விட்டோம். அவரே வந்து ஸ்ரெபிலைசரும் டிரான்ஸ்போர்மரும் கட்டி, அந்தப் பக்கம் 112 வோல்ட் என்று மீற்றரில் காட்டிவிட்டுத்தான் பிளக்கைக் குத்த விட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார், அதை இங்கே எழுதத்தான் வேணும். டிஷ் பெட்டியின் மெனுவில் என்ரிஎஸ்சி போட்டதும் படம் வந்தது, பலாலி வீதிக்கு நன்றி. மேசையைக் கொக்குவிலில் ஒரு தச்சர் வேப்பம் பலகையில் செய்து தந்தார், சரியாக 25 அங்குல உயரம். திரையின் நடு அப்பாவின் கண்ணுக்கு நேர் வருகிறது. பிள்ளைகளுக்குப் பாய் விரிக்காமல் வாங்கு போட்டிருக்கிறோம், தாவடி அக்கா.

நேற்று ஒரு பழைய ஆட்டம் போனது. அப்பா கதிரையில் சாய்ந்து இருந்தார். பத்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “பந்தின் தையல் தெரியுது” என்றார். நடுவில் இரண்டு தரம் கறண்ட் போய் வந்தது. இரண்டு தரமும் ரிமோட்டை அவரே அமர்த்தினார், படம் வந்தது.

ஒரு கேள்வி. எங்கள் பக்கம் செம்மண், தூசி பறந்தபடி. பின்பக்கத்து ஓட்டை வழியாக உள்ளே போகாதா? பல்லியும் சூட்டுக்கு வந்து ஒட்டுகிறது.

சுன்னாகம் திருத்துநர்
பெப்ரவரி 13, 2011

போகும். காற்றாடி இழுக்கிற ஓட்டைக்கு நைலோன் நுளம்பு வலையில் ஒரு துண்டு வெட்டி வெளிப்பக்கம் ஒட்டுங்கள். கிழமைக்கு ஒரு தரம் வலையைக் கழற்றித் தட்ட வேணும், அடைபட்டால் சூடேறும். துணி போட்டு ரிவியை மூடுவதென்றால் நிற்பாட்டி அரை மணி கழித்து மூடுங்கள். சுவருக்கும் ரிவிக்கும் நாலு விரல் இடைவெளி விட்டிருக்கிறோம், அதைக் குறைக்க வேண்டாம்.

உள்ளே இருக்கிற பெரிய கண்ணாடியை மட்டும் ஒருவரும் தொடக் கூடாது. அது முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி இல்லை, வெள்ளிப் பூச்சு முன்பக்கத்தில் இருக்கிறது. துணியால் ஒரு தரம் துடைத்தால் செம்மண் தூசி அரம் மாதிரி அதைக் கீறிவிடும், பிறகு மாற்ற முடியாது. வருடத்துக்கு ஒரு தரம் நான் வந்து காற்று அடித்துவிடுகிறேன். 20ஆம் திகதி ஆட்டத்துக்கு வருகிறேன், அப்போது வலையையும் பார்த்துவிடலாம்.